முனைவர் பட்ட விண்ணப்பமும் இருபது பக்க அமானிதமும்

 

அல்லாஹ்வின் அருளால் நம் சமுதாயத்தில் முதுகலைப் பட்டம் முடித்த பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் கூடி வருகிறது. மத்ரஸாவில் ஓதி ஆலிம் ஸனது பெற்று, அஃப்ஸலுல் உலமா தேர்வெழுதி, அரபியிலோ வரலாற்றிலோ தமிழிலோ எம்.ஏ. முடித்தவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமியவியல், சமயவியல், தெற்காசிய வரலாறு ஆகிய துறைகளில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க முனைகிறார்கள். அமெரிக்கத் துறைகள் பலவற்றில் விண்ணப்பக் கெடு டிசம்பர் மாதத்திலோ ஜனவரித் தொடக்கத்திலோ முடிகிறது. நவம்பர் பிறந்ததும் இந்தப் பிள்ளைகள் ஒரே கேள்வியோடு நம் முன் வந்து நிற்கிறார்கள்: "உஸ்தாத், எந்தக் கட்டுரையை அனுப்புவது?"

‘ரைட்டிங் சாம்பிள்’ என்று அவர்கள் கேட்கும் எழுத்து மாதிரியைப் பற்றிய கேள்வி அது. இதற்கு நம்மவர்கள் சொல்லும் மறுமொழிகளைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். பெரியவர்கள் ஒன்று சொல்கிறார்கள். வெளிநாடு சென்ற உறவினர்கள் ஒன்று சொல்கிறார்கள். கட்டணம் வாங்கும் முகவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தவறானவை. சில, அமானிதத்தையே கெடுப்பவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்து மாதிரி எதற்கு?

முதலில் அது என்னவென்று தெளிவாகட்டும். முனைவர் பட்ட விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியல் இருக்கும்; பரிந்துரைக் கடிதங்கள், பெரும்பாலும் மூன்று, இருக்கும்; ஆய்வு நோக்க அறிக்கை இருக்கும்; ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று இருக்கும். இவற்றுள் மதிப்பெண்ணை வழங்கியவர் வேறொருவர். பரிந்துரையை எழுதியவரும் வேறொருவர். நோக்க அறிக்கை, இனி செய்யப்போவதைப் பற்றிய வாக்குறுதி. மாணவர் ஏற்கெனவே செய்து முடித்த சிந்தனையை நேரில் காட்டும் ஆவணம் எழுத்து மாதிரி ஒன்றுதான். அமெரிக்கத் துறைகள் பல 15 முதல் 25 பக்கங்கள் வரை கேட்கின்றன. இங்கிலாந்தில் சில இடங்களில் இதனினும் குறைவான சொற்களே அனுமதி. அங்கே ஆய்வுத் திட்ட வரைவுக்கும் எடை அதிகம். துறைக்குத் துறை விதி மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் துறையின் அறிவிப்பை எழுத்தெண்ணிப் படிப்பது முதற்கடமை.

அந்தப் பக்கங்களைப் படிக்கும் பேராசிரியர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். இவரால் ஒரு மஸ்அலாவைக் கேள்வியாக வகுக்க முடிகிறதா? மூலநூலை அதன் சொந்த மொழியில் படித்து, அதிலிருந்து சான்று எடுத்து, ஒரு முடிவை நோக்கி நகர முடிகிறதா? தனக்கு முன் இதே பொருளை ஆராய்ந்தவர்களை அறிந்து, அவர்களோடு நேர்மையாக உரையாட முடிகிறதா? ஹிதாயாவையோ ஃபத்ஹுல் முயீனையோ உஸ்தாதின் முன் அமர்ந்து, வரிவரியாக, ளமீர் எங்கே திரும்புகிறது என்று விவாதித்து ஓதிய மாணவருக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல. அவருடைய பயிற்சியே அதுதான். ஆனால் விண்ணப்பம் எழுத உட்காரும்போது அந்தப் பயிற்சியையே மறைத்துவிடச் சொல்கிறோம் நாம். இதைவிட வேடிக்கை உண்டா?

தடிமனை அறிவென்று எண்ணுவோர்

"முழு ஆய்வேட்டையும் அனுப்பு, உழைப்புத் தெரியட்டும்" என்பது முதல் ஆலோசனை. தொண்ணூறு பக்க எம்.ஏ. ஆய்வேட்டைக் கேட்டவர் யாருமில்லை. இருபது பக்கம் கேட்ட இடத்தில் தொண்ணூறு பக்கம் அனுப்புவது, விதியைப் படிக்காதவர் என்றோ, தம் எழுத்தில் எது சிறந்தது என்று தமக்கே தெரியாதவர் என்றோ அறிவிப்பதாகும். விண்ணப்பங்கள் குவிந்த மேசையில் இருபத்தோராம் பக்கத்தைப் புரட்ட எந்த ஆசிரியருக்கும் கடமையில்லை.

சுருக்குவது குறைப்பது என்று நினைப்பவர்கள் தாம் ஓதிய கிதாபுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’, இமாம் ராஃபியீ (ரஹ்) அவர்களின் ‘முஹர்ரர்’ நூலின் சுருக்கம். சுருக்கமாக எழுந்த அந்த நூலுக்குத்தான் பின்னாளில் விரிவுரைகள் குவிந்தன. எதை விடுவது, எதைக் காப்பது, எங்கே ஆசிரியரோடு மாறுபடுவது என்று அறிந்த கை செய்த வேலை அது. இக்திஸார் நம் மரபில் ஒரு கலை. தம் ஆய்வேட்டில் வலிமையான ஓர் இயலை எடுத்து, முன்னுரையும் முடிவுரையும் புதிதாகச் சேர்த்து, தனித்து நிற்கும் கட்டுரையாக ஆக்கத் தெரிந்தவர் அந்தக் கலையின் வாரிசு. "முந்தைய இயலில் கண்டவாறு" என்ற தொடர்களை நீக்காமல் நடுவிலிருந்து இருபது பக்கத்தை வெட்டி அனுப்புவதற்கு இக்திஸார் என்று பெயரில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பெல்லாம் எம்.ஏ.வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே எம்.ஃபில். என்றொரு படி இருந்தது. அங்கே எழுதிய ஆய்வேடு, மாணவருக்கு ஒரு பயிற்சிக் களமாக அமைந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்தப் பட்டத்தை நிறுத்திவிட்டன. இன்றைய மாணவர் எம்.ஏ.வில் எழுதியதைக் கொண்டே வாசலைத் தட்ட வேண்டும். ஆகவே எம்.ஏ. முதலாண்டிலேயே ஒரு நல்ல கட்டுரையைக் கருதி உழைக்கத் தொடங்குவது அவசியமாகிறது. ஆனால் நம் வீடுகளில் எம்.ஏ. என்பது திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின் அச்சிடும் இரண்டெழுத்தாகவே இன்னும் இருக்கிறது.

அச்சேறியதே ஆதாரம் என்போர்

"இதழில் வெளிவந்த கட்டுரை இருக்கிறதே, அதை அனுப்பு" என்பது இரண்டாவது. இதழ் தரமானதாக இருந்து, கட்டுரையும் மாணவரின் சிறந்த எழுத்தாக இருந்தால் மறுப்பில்லை. ஆனால் நாம் அறிந்த நடைமுறை என்ன? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிட்டு, சான்றிதழும் மின்னஞ்சலில் அனுப்பும் இதழ்கள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றில் வந்த ஆறு பக்கக் கட்டுரையில் கேள்வி இல்லை, மூலநூல் இல்லை, மறுபார்வை இல்லை. இதழின் எண்ணும் முத்திரையும் மட்டும் இருக்கின்றன.

ஹதீஸ் கலையை ஓதியவர்கள் இதில் ஏமாறலாமா? ஒரு செய்தி எத்தனை நூல்களில் இடம்பெற்றிருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் முஹத்திஸ்கள் அதை ஏற்கவில்லை. அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். அறிவிப்பாளர்களை எடைபோட ஜரஹ் வதஃதீல் என்று ஒரு கலையையே உருவாக்கிய சமுதாயம், முத்திரையைப் பார்த்து மயங்குவது வெட்கத்திற்குரியது. அச்சேறாத ஒரு வகுப்புக் கட்டுரை சான்றுகளோடு நேராக நிற்குமானால், அச்சேறிய வெற்றுக் கட்டுரையைவிட அதுவே ஆயிரம் மடங்கு மேல். அதைப் படிப்பவர் பேராசிரியர். எழுத்தின் தரத்தை அறிய அவருக்கு முத்திரை தேவையில்லை.

வேடம் கட்டச் சொல்வோர்

மூன்றாவது ஆலோசனை இவற்றைவிட நுட்பமானது. ஆகவே அபாயமும் மிகுந்தது. "ஃபிக்ஹு, அரபுத் தமிழ், மத்ரஸா என்றெல்லாம் எழுதினால் மேலைநாட்டார் மதிக்க மாட்டார்கள். தீவிரவாதம், சீர்திருத்தம், முக்காடு என்று அவர்கள் விரும்பும் பொருளில் எழுது, நீ மத்ரஸாவில் ஓதியதைச் சொல்லாதே" என்று நன்கு படித்த நம்மவர்களே சொல்கிறார்கள்.

இவர்கள் அந்தத் துறைகளில் வெளிவரும் நூல்களைப் பார்ப்பதில்லை என்பதே இதற்குப் பொருள். பார்பரா மெட்காஃப் 1982 ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு நூல் தேவ்பந்த் மத்ரஸாவின் தொடக்ககால வரலாற்றைப் பற்றியது. இப்ராஹீம் மூஸா தேவ்பந்திலும் நத்வத்துல் உலமாவிலும் ஓதியவர். அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மத்ரஸா என்றால் என்ன என்பதையே பொருளாகக் கொண்டு 2015 இல் நூலெழுதினார். ரோனித் ரிச்சி 2011 இல் வெளியிட்ட நூலில், நம் வண்ணப்பரிமளப் புலவர் 1572 இல் இயற்றிய ‘ஆயிர மசலா’வை ஜாவா, மலாய் மொழிகளில் வழங்கும் அதே கதையோடு ஒப்பிட்டு, தென்னாசியாவையும் தென்கிழக்காசியாவையும் இணைத்த ஓர் அறிவுலகத்தைக் காட்டினார். மஹ்மூத் கூரியா 2022 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியே வெளியிட்ட நூல் ஷாஃபியீ ஃபிக்ஹு நூல்களின் பயணத்தைப் பற்றியது. பொன்னானியில் எழுந்து, நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபியீ மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முயீன்’ அதில் முக்கிய இடம் பெறுகிறது.

சிந்தியுங்கள். நம் பிள்ளை பரணில் போட்டுவிட்டு விண்ணப்பிக்கச் செல்லும் அதே கிதாபின் பயணத்தை அங்கே ஆய்வு நூலாக எழுதி வெளியிடுகிறார்கள். நம் பாட்டிமார் ராகமிட்டு ஓதிய மாலைகளைப் படிக்க, வேற்று நாட்டு அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் தமிழ் கற்று வருகிறார்கள். அந்த அறிவு இயல்பாகவே கைவரப் பெற்ற நம் மாணவரிடமோ, "அதை மறைத்துவிடு" என்கிறோம். இது பணிவு ஆகாது, தாழ்வு மனப்பான்மை. வேடம் கட்டியவரின் எழுத்தில் அதற்குரிய தண்டனையும் உடனே தெரிந்துவிடும். தாம் அறியாத பொருளைப் பற்றி, தாம் நம்பாத கருத்தை, இரவல் சொற்களால் எழுதியிருப்பார். படித்தவர் பத்து வரிகளில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

பயானை ஆய்வாக அனுப்புவோர்

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. அது நம் ஆலிம்களுக்கு நெருக்கமானது. "இஸ்லாத்தின் சிறப்பை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல இது நல்ல வாய்ப்பு" என்று எண்ணி, ஜும்ஆ பயானை ஆங்கிலத்தில் எழுதியது போன்ற கட்டுரையை அனுப்பச் சொல்கிறார்கள். பயானுக்கு ஓர் இடமுண்டு, மதிப்புண்டு. மின்பரில் நிற்பவர் ஏற்கெனவே தெளிவான உண்மையை மக்கள் மனத்தில் பதிய வைக்கிறார். ஆய்வுக் கட்டுரையை எழுதுபவர் இன்னும் தெளிவாகாத ஒன்றைத் தெளிவாக்க முயல்கிறார். முன்னதன் தொடக்கத்திலேயே முடிவு தெரியும். பின்னதில் சான்றுகள் இட்டுச்செல்லும் இடமே முடிவு. நம் ஃபகீஹ்களும் இவ்விரண்டையும் கலக்கவில்லை. கருத்து வேறுபாடுள்ள மஸ்அலாவில் எதிர்த்தரப்பின் ஆதாரத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுத்தார்கள். அந்த ஒழுங்கை அறிந்த ஆலிம் ஆய்வுக் கட்டுரையின் ஒழுங்கையும் அறிந்தவரே.

இங்கே மூத்த உலமாப் பெருமக்களின் அச்சம் ஒன்றையும் மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். "அந்தப் பல்கலைக்கழகங்களில் வஹீயையே ஐயத்தோடு அணுகுவார்கள், பிள்ளையின் ஈமான் என்னாகும்?" என்கிறார்கள். அக்கறையிலிருந்து பிறக்கும் கேள்வி இது, கேலிக்குரியதன்று. ஆனால் விடை, பிள்ளையை அனுப்பாமல் தடுப்பதிலோ, அனுப்பிவிட்டு முகம் திருப்பிக்கொள்வதிலோ இல்லை. ஒரு கையெழுத்துப் பிரதியின் காலத்தைக் கணிப்பதும், ஒரு ஃபத்வாவின் வாதத்தைப் பகுத்தாய்வதும், ஒரு பதிவேட்டின் எண்களைத் தொகுப்பதும் அகீதாவைக் கைவிடக் கோருவதில்லை. தாம் நிறுவக்கூடியது எது, தாம் ஈமான் கொண்டிருப்பது எது என்று பிரித்தறிந்து எழுதும் மாணவர் இரண்டையும் காப்பாற்றிக்கொள்வார். உஸ்தாத்களின் தொடர்பு அறுபடாத மாணவருக்கு அந்தப் பிரித்தறிவு எளிது. நாம் கைவிட்ட மாணவருக்குத்தான் அது கடினம்.

கூலிக்கு எழுதுவதும் தத்லீஸும்

இனி, மிகவும் கனமான செய்திக்கு வருகிறேன். "இத்தனை ஆயிரம் கொடுத்தால் நாங்களே எழுதித் தருகிறோம்" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் அதைக் கல்விச் செலவில் ஒன்றாகக் கருதிக் கொடுக்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்த பிறகு, அந்தச் செலவும் இல்லாமல் சில நிமிடங்களில் இருபது பக்கம் ஆயத்தமாகிவிடுகிறது. "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

ஹதீஸ் கலையில் தத்லீஸ் என்றொரு குற்றம் உண்டு. அறிவிப்பாளர், தமக்கு உண்மையில் சொன்னவரை மறைத்து, மேலே உள்ள பெரியவரிடமிருந்து நேரடியாகக் கேட்டது போன்ற தோற்றம் தரும் சொல்லால் அறிவிப்பது அது. சில வேளைகளில் அவர் வெளிப்படையான பொய் எதையும் சொல்லியிருக்க மாட்டார். இருந்தும் முஹத்திஸ்கள் அதைக் குறையென எழுதி வைத்தார்கள். ஷுஅபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) போன்றோர் அதை மிகக் கடுமையாகச் சாடினார்கள். தத்லீஸ் செய்பவர் என்று அறியப்பட்டவர் மற்றபடி நம்பகமானவராக இருந்தாலும், "ஹத்தஸனா" என்று தெளிவாகச் சொன்னாலொழிய அவர் அறிவிப்பை ஏற்பதில் தயங்கினார்கள். பிறர் எழுதியதன் கீழே தம் பெயரை இட்டு அனுப்பும் மாணவர் தத்லீஸையும் தாண்டிச் செல்கிறார். பெயரே அங்கே பொய்யாகிறது.

நடைமுறை விளைவையும் பாருங்கள். அந்த எழுத்தை நம்பி இடம் கொடுத்த பேராசிரியர் முதல் பருவத்திலேயே அதே தரமுள்ள கட்டுரையைக் கேட்பார். வேறொருவர் மூளையால் உள்ளே சென்றவர் தம் மூளையால் அங்கே நிற்க முடியாது. இந்தியாவிலும் மானியக் குழு 2018 இல் எழுத்துத் திருட்டுக்கெதிரான விதிமுறைகளை வெளியிட்டு, பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் அளவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் படிப்படியான நடவடிக்கை உண்டு என்று வகுத்திருக்கிறது. ஆனால் ஒரு முஃமினுக்கு விழுக்காட்டுக் கணக்கு இரண்டாம் நிலைதான். மென்பொருள் பிடிக்காத திருட்டும் திருட்டே.

மொழிப் பிழை திருத்தப் பிறர் உதவியை நாடலாமா? நாடலாம். ஆசிரியரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாமா? கேட்டே ஆக வேண்டும். எல்லைக்கோடு எளிது: கேள்வியும் வாதமும் சான்றுகளைத் தேடிய உழைப்பும் மாணவருடையவையாக இருக்க வேண்டும், பெற்ற உதவியை மறைக்காமல் சொல்ல முடிய வேண்டும். சொல்லக் கூசும் உதவி எதுவோ, அதுவே கூடாத உதவி.

அப்படியானால் எதைத் தேர்வது?

ஒரு மாணவரிடம் மூன்று எழுத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, இஸ்லாமியத் தமிழிலக்கியத்தில் ஒழுக்கக் கருத்துகள் என்ற பெயரில் தொண்ணூறு பக்க ஆய்வேடு. இரண்டாவது, பணம் கட்டி வெளியிட்ட ஆறு பக்கக் கட்டுரை. மூன்றாவது, வகுப்புக்காக எழுதிய பதினெட்டுப் பக்கம்: தம் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் தஃப்தரை எடுத்து, அதில் மஹர் எந்த அலகில் எழுதப்பட்டிருக்கிறது, நாணயத்திலிருந்து சவரனுக்கு எப்போது மாறுகிறது, கைக்கூலியைப் பற்றி ஏடு எங்கே பேசுகிறது, எங்கே மௌனம் காக்கிறது என்று பார்த்து, ஃபத்ஹுல் முயீனின் நிக்காஹ் பாபோடு ஒப்பிட்டது. மூன்றாவதை மாணவர் வெளியே எடுக்கவே கூசுகிறார். "நம்ம ஊர் விஷயம்தானே" என்கிறார்.

அந்த மூன்றாவதையே அனுப்ப வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. முதலாவதில் தலைப்புப் பெரிது, கேள்வி இல்லை. மூன்றாவதில் ஒரு கேள்வி இருக்கிறது. வேறெவரும் தொடாத மூலம் இருக்கிறது. அரபியும் தமிழும் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய ஒப்பீடு இருக்கிறது. சட்ட நூல் சொல்வதற்கும் ஊர் நடந்துகொள்வதற்கும் உள்ள இடைவெளியை நேர்மையாகப் பார்க்கும் துணிவு இருக்கிறது. பெரிய கேள்வி சிறிய ஏட்டுக்குள்ளும் குடியிருக்கும்.

இதிலிருந்து சில விதிகளைப் பெறலாம். விண்ணப்பிக்கும் துறைக்கும் அங்கே செய்ய விரும்பும் ஆய்வுக்கும் நெருக்கமான எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். இலக்கிய ஆய்வுக்கு விண்ணப்பித்து அரசியல் கட்டுரையை அனுப்பாதீர்கள். நெருக்கமானது பலவீனமாகவும், சற்று விலகியது வலிமையாகவும் இருந்தால் வலிமையானதையே அனுப்பி, இரண்டுக்குமுள்ள தொடர்பை நோக்க அறிக்கையில் சொல்லுங்கள். மூலமொழிச் சான்றுகள் கண்ணுக்குத் தெரியட்டும். மொழிபெயர்ப்பு உங்களுடையதானால் அதைக் குறிப்பிடுங்கள். கட்டுரை தமிழிலோ அரபியிலோ உருதுவிலோ இருந்தால், துறை எந்த மொழியை ஏற்கிறது என்று கேட்டு அறிந்து, வேண்டுமானால் நீங்களே ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதுங்கள். அரபிச் சொற்களுக்கும் தமிழ்ச் சொற்களுக்கும் ஆய்வுலகில் வழங்கும் ஒலிபெயர்ப்பு முறைகள் வெவ்வேறு. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் முறை பெருவழக்கு. அரபுத் தமிழ் நூலை ஆள்வோர் எந்த முறையைப் பின்பற்றுகிறோம் என்று முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆய்வேட்டின் பகுதியானால், முதல் பக்கத்தின் மேல் இரண்டு மூன்று வரிகளில் அதைத் தெரிவியுங்கள். முதல் இரண்டு பக்கங்களுக்குள் கேள்வியும் உங்கள் விடையும் வெளிப்படட்டும். காத்திருக்கும் பொறுமை எல்லா வாசகருக்கும் இருக்காது. இவை அனைத்துக்கும் நவம்பரில் தொடங்கினால் காலம் போதாது. ஜூன், ஜூலையில் எழுத்தைக் கையில் எடுத்தவருக்கே மூன்று முறை திருத்தும் அவகாசம் கிடைக்கும்.

நிஸ்வான் மத்ரஸாக்களில் ஓதி, முதுகலையும் முடித்த சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பெண்புத்தி மாலைகளும், கீழக்கரை ஆசியா உம்மாவைப் போன்ற பெண்களின் ஞானப் பாடல்களும், தாய்மார் வாய்மொழியாகக் காத்துவந்த ஓதல் முறைகளும் ஆண் ஆய்வாளர்கள் எளிதில் நெருங்க முடியாத மூலங்கள். அவற்றைப் பற்றி எழுத உங்களைவிடத் தகுதியானவர் யார்?

ஜமாஅத்தின் கடமை

இறுதியாக, மாணவர்களைவிட நம்மை நோக்கியே விரல் நீட்ட வேண்டியிருக்கிறது. மேற்படிப்புச் செய்திகள் வரும்போது நாம் பாராட்டு விழா நடத்துகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், படத்தைப் பகிர்கிறோம். அந்தப் பிள்ளை எழுதியதில் ஒரு பக்கத்தைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? எழுத்தை வாசித்து, "இந்த இடத்தில் உன் ஆதாரம் போதாது" என்று சொல்ல ஆளில்லாத மாணவர்தான் முகவரிடம் போகிறார். அவரை அங்கே அனுப்பிவைத்தது நம் அலட்சியம்.

சிறுபான்மைச் சமுதாய ஆய்வு மாணவர்களுக்கு வழங்கப்பட்டு வந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை நிறுத்துவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் அறிவித்தது. அதன்பின் ஏழை மாணவரின் வழி இன்னும் குறுகியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்ட மாணவருக்குக் கல்விக் கட்டண விலக்கும் வாழ்க்கைப் படியும் கிடைக்கின்றன. ஆகவே இருபது பக்கங்களைச் சரியாகத் தேர்வது, ஒரு வியாபாரியின் மகனுக்குப் பெருமைக்குரிய செய்தி; ஒரு மோதினாரின் மகனுக்கோ கல்வி தொடருமா நின்றுபோகுமா என்பதையே முடிவு செய்யும் செய்தி.

ஒவ்வொரு பெரிய மஹல்லாவிலும் இரண்டு ஆலிம்கள், ஒரு கல்லூரி ஆசிரியர், ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் என நால்வர் சேர்ந்து ஆண்டுக்கு ஐந்தாறு மாணவர்களின் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியாதா? இதற்குக் கட்டடம் வேண்டாம், வசூல் வேண்டாம். பள்ளிவாசல் அலமாரியில் கரையான் அரிக்கும் தஃப்தர்களையும் கிதாபுகளையும் முத்தவல்லிகள் பூட்டி வைக்காமல், உரிய பாதுகாப்போடு மாணவர் பார்க்க இசைந்தால், அதுவே ஓர் ஆய்வு நூலகமாகும். நம் வரலாற்றைப் பிறர் எழுதுகிறார்களே என்று குறைபடுவதில் பயனில்லை. அவர்கள் உழைத்தார்கள், எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். நம் பிள்ளைகளும் உழைத்து எழுத, நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி.

மாணவச் செல்வங்களே! நீங்கள் அனுப்பும் இருபது பக்கம் ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவர் தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். தம் சொந்த நாவால் சொல்ல வேண்டும். கண்டதைவிடக் கூட்டாமல் சொல்ல வேண்டும். இம்மூன்றும் அமைந்த எழுத்து உங்களிடம் இருந்தால் அது சிறியதென்று கூசாதீர்கள். இல்லையென்றால், கெடு நெருங்கிவிட்டதென்று இரவல் வாங்காதீர்கள். ஓராண்டு தாமதித்து, அதை எழுதிவிட்டு விண்ணப்பியுங்கள். ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ். தாமதத்தால் அது குறைந்துவிடாது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! எழுத்திலும் சொல்லிலும் அமானிதத்தைக் காப்போராக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.